வீட்டுக் கோழிக்கு வருத்தம் வந்தால்: கேட்டதும் சொன்னதும்

எல்லாருக்கும் வணக்கம். மாரி துவங்கினதோட "கோழி தூங்கி நிக்குது" எண்டு கனபேர் கேட்டிருக்கிறியள், எல்லாத்துக்கும் ஒண்டாச் சேத்து, கேட்ட ஆக்களின்ர ஊர்ப்பெயரை முன்னுக்குப் போட்டு பதில் எழுதுறன். நான் டொக்டர் இல்லை, கனகாலமா ஊர்க்கோழி வளக்கிற ஆள், கால்நடை அலுவலகம் வச்ச ட்ரெயினிங்குகளுக்கும் போனனான். எல்லாரிட்டயும் ஒண்டு கேக்கிறன், மருந்தைத் தேட முதல் கோழியைக் கையில தூக்கி வடிவாப் பாருங்கோ. பாக்காமக் குடுக்கிற மருந்தாலதான் ஊரில கனகோழி சாகுது.

விசுவமடு: அண்ணை, மகள் ஆசையா வளக்கிற பேடு நேற்றில இருந்து இறகைச் சிலிப்பிக்கொண்டு மூலையில நிக்குது, தீன் தின்னுதில்லை. என்ன மருந்து குடுக்கலாம்?

தங்கச்சி, மருந்து பேந்து. கோழி வருத்தத்தை ஒளிக்கிற சீவன், ஏலாமல் இருக்குது எண்டு காட்டினால் மற்றக் கோழியள் கொத்தும், அதால ஏலுமான மட்டும் சுகமா நிக்கிற மாதிரித்தான் நிக்கும். இப்ப உங்கட கண்ணுக்கே தெரியுது எண்டால் உள்ளுக்க வருத்தம் முதலே துவங்கியிட்டுது. இண்டைக்கே பிரிச்சு எடுங்கோ, ஒரு காட்போட் பெட்டி இல்லாட்டிப் பெரிய கடகம், அடியில சாக்குப் போட்டு காத்து மழை படாத இடத்தில வையுங்கோ. கோழின்ர உடம்புச்சூடு 41 டிகிரிக்குக் கிட்ட, எங்கட சூட்டை விடக் கூட, வருத்தம் வந்தால் அந்தச் சூட்டைக் காப்பாத்தவே அதுக்குத் தெம்பு காணாது. இரவில பெட்டின்ர ஒரு பக்கத்தில குண்டு பல்ப் ஒண்டு எரியட்டும், பெட்டியில, சாக்கில முட்டாம வையுங்கோ, மற்றப் பக்கம் சூடில்லாம இருக்கோணும், சூடு கூடினால் அது தானா விலகி இருக்கும்.

பிறகு மடியில வச்சுப் பாருங்கோ. நெஞ்சு நடுவில ஓடுற எலும்பைத் தடவுங்கோ, ரெண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி மாதிரிக் குத்தினால் கன நாளா மெலிஞ்சு வருது எண்டு அர்த்தம், பூச்சியா இருக்கலாம், வேற நாள்பட்ட வருத்தமாவும் இருக்கலாம். கழுத்துக்குக் கீழ தீன்பை எப்பிடிக் கிடக்குது? வாய்க்குள்ள வெள்ளையா ஏதும் படிஞ்சிருக்கா? செட்டைக்குக் கீழயும் பின்துவாரத்தைச் சுத்தியும் பேன் ஓடுதா? எச்சம் என்ன நிறம்? இதுகளைப் பாத்து எழுதி வச்சால் டொக்டருக்கும் லேசு. அதுவரைக்கும் ஜீவனி (கழிச்சலுக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) பக்கெட்டில சொன்ன அளவு தண்ணியில கரைச்சு குடிக்க வையுங்கோ, ஒவ்வொரு நாளும் புதுசாக் கரைக்கோணும். தீனுக்குக் குழையவிட்ட சோறோட அவிச்ச முட்டை மஞ்சள் கருவைப் பிசைஞ்சு வையுங்கோ, கன கோழி அதைக் கண்டால் சொண்டு வைக்கும்.

கனகராயன்குளம்: தானாக் குடிக்குதில்லை. சிரிஞ்சால பருக்கலாமா?

பருக்கலாம், ஆனால் முதல்ல சொண்டைத் திறந்து வெளிச்சத்தில உள்ளுக்க பாருங்கோ. நாக்கின்ர அடியில, நாக்கு முடியிற இடத்தில, சின்னனா ஒரு ஓட்டை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாய்ன்ர வாசல். நாங்கள் வாயை அண்ணாத்திப் பிடிச்சுத் தண்ணியை ஊத்தினால் நேர அதுக்குள்ளதான் போகும், கோழி அந்த இடத்திலயே செத்துப்போகும், இல்லாட்டி நெஞ்சில நீர் கட்டி அடுத்த நாள் சாகும். ஆக்கள் "மருந்து குடுத்தும் செத்துப்போச்சு" எண்டு சொல்லுறதில கனக்க இப்பிடி நடந்ததுதான். ஊசி கழட்டின சிரிஞ்சால சொண்டின்ர கரையில ஒவ்வொரு துளியா விடுங்கோ, அது நாக்கை ஆட்டி விழுங்கட்டும், பிறகு அடுத்த துளி. தலையே நிமித்த ஏலாமல் கிடக்கிற கோழிக்குப் பருக்கவே வேண்டாம்.

மல்லாவி: கழுத்துக்குக் கீழ பந்து மாதிரி வீங்கிக் கிடக்குது, கட்டியோ?

கட்டி எண்டு வெட்டிப்போடாதேங்கோ!! அது தீன்பை. பின்னேரம் நிரம்பி இருக்கிறது வழமை, விடியத் தீன் வைக்க முதல் தொட்டுப் பாருங்கோ, வெறுமையா இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. விடியவும் கல்லு மாதிரி இறுகி இருந்தால் அடைச்சிட்டுது, நீட்டுக் காய்ஞ்ச புல்லு, வைக்கல், உரப்பை நூல், சொப்பிங் பாக் துண்டு எண்டு விழுங்கியிருக்கும். தீனை நிப்பாட்டி, தண்ணி மட்டும் வச்சு, கொஞ்சம் தேங்காயெண்ணையைத் துளி துளியா விட்டு, நாளுக்கு ரெண்டு மூண்டு தரம் தீன்பையை மெல்லமாப் பிசைஞ்சு விடுங்கோ. ஒரு நாளில இளகாட்டி டொக்டரிட்ட கொண்டு போங்கோ, அவை சின்னனாக் கீறி எடுத்துப்போட்டுத் தைப்பினம். தண்ணிப்பை மாதிரி தழும்பி, வாய் புளிச்சு மணத்தால் அது வேற, உள்ளுக்கப் பூஞ்சணம் பிடிச்சிருக்கும், அதுக்கு மருந்து வேணும். கோழியைத் தலைகீழாப் பிடிச்சு சத்தி எடுக்க வைக்கிறதை ஆரும் வீடியோவில காட்டினாலும் செய்யாதேங்கோ, மேல சொன்ன அந்த ஓட்டைக்குள்ளதான் போகும்.

ஒட்டுசுட்டான்: முட்டை இடப் போய்ப் போய் வருது, இடுதில்லை. நிமிந்து நிண்டு முக்குது.

முட்டை அடைச்சிருக்குதக்கா, இதை நாளைக்கு எண்டு விடேலாது. ஒரு பேசினில கை பொறுக்கிற இளஞ்சூட்டுத் தண்ணி எடுத்து, வயிறும் பின்பக்கமும் தாழ 15–20 நிமிசம் இருத்துங்கோ, முதல் துள்ளும், பேந்து சூட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அமந்திருக்கும். துவாரத்தில தேங்காயெண்ணை பூசி, துணியால ஈரத்தை ஒத்தி எடுத்து இருட்டான சூடான இடத்தில விடுங்கோ. ஒரு மணித்தியாலம் பாத்து இன்னொருக்கா இருத்தலாம். வயித்தை அமத்தாதேங்கோ, முட்டை உள்ளுக்க உடைஞ்சால் கோது கிழிச்சுப்போடும். அண்டைக்குள்ள வராட்டி டொக்டர்தான். இனி வராமல் இருக்க, முட்டைக்கோதை வறுத்து இடிச்சு ஒரு சிரட்டையில தனிய வையுங்கோ, தேவையானதை அது தின்னும்.

நெடுங்கேணி: கொண்டையிலயும் கண்ணைச் சுத்தியும் பரு பருவா வந்திருக்கு.

கோழி அம்மை. நுளம்பால பரவுறது, அதுதான் மழையோட வருது. வைரஸ், குணமாக்க மருந்தில்லை, ஆனால் வெளியில மட்டும் பரு எண்டால் மூண்டு நாலு கிழமையில அனேகமா மாறிடும். பருவைப் பிய்க்காதேங்கோ, பொருக்கிலயும் கிருமி இருக்கு. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுறது எங்கட வழக்கம், பூசுங்கோ, கண்ணுக்குள்ள போகாமப் பாத்து. கண் ஒட்டினால் கொதிச்சு ஆறின உப்புத்தண்ணியால துடைச்சுத் திறந்து விடோணும், கண் தெரியாட்டிக் கோழி பட்டினியிலதான் சாகும், தீன் சட்டியைச் சொண்டுக்கு நேர வையுங்கோ. வாய்க்குள்ளயும் படலம் வந்தால் ஆபத்து, மூச்சு அடைக்கும், டொக்டரிட்டக் காட்டுங்கோ. இரவில கூட்டுக்கு நுளம்பு வலை கட்டுங்கோ.

தர்மபுரம்: ரெண்டு செத்திட்டுது அண்ணை. மூண்டாவது கழுத்தை முறுக்கிக்கொண்டு நிக்குது, பச்சையாக் கழியுது.

இதை வாசிக்கவே மனம் கஷ்டமா இருக்கு. கழுத்து முறுக்கல், பச்சைக் கழிச்சல், கால் செட்டை இழுபடுறது, ஒண்டுக்குப் பின் ஒண்டாச் சாகிறது எண்டால் ராணிக்கெட் எண்ட வைரஸ் வருத்தத்தைத்தான் முதல்ல நினைக்கோணும். அதுக்கு உலகத்தில எங்கயும் மருந்து இல்லை, தடுப்பூசி மட்டும்தான். பறவைக் காய்ச்சலும் இப்பிடித்தான் துவங்கும் எண்டதால கனக்க ஒரேயடியாச் செத்தால் கட்டாயம் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கோ. செத்ததை வாய்க்காலில, குளத்தில எறியாதேங்கோ, நாய் கிளறாத ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாழுங்கோ. மிச்சம் இருக்கிறதைக் கெதியா வித்துப்போடுவம் எண்டு சிலர் நினைக்கினம், தயவுசெய்து வேண்டாம், அந்தக் கோழியோட வருத்தம் அடுத்த ஊருக்குப் போகும், அங்கயும் ஒரு வீட்டில இந்தக் கோழி முட்டையாலதான் பிள்ளைக்குக் கொப்பி வாங்குவினம். செருப்பில, சாக்கில, கூட்டில எல்லாம் கிருமி ஒட்டும், உங்கட வளவுக்க போட்ட செருப்போட அடுத்த வீட்டுக்குப் போகாதேங்கோ. கை வடிவாக் கழுவுங்கோ, கிருமி கண்ணில பட்டால் மனுசருக்கும் கண் சிவந்து நோகும்.

தனியா ஒரு கோழி மட்டும் கழுத்து முறுக்கி, மற்றதெல்லாம் சுகமா இருந்தால் விற்றமின் குறைவாவும் இருக்கலாம், டொக்டரிட்டக் கேட்டு விற்றமின் குடுத்துப் பாருங்கோ.

மற்ற ஆக்களுக்கும் சொல்லுறன், ராணிக்கெட் தடுப்பு மருந்து ஒரு குப்பியில கனகோழிக்குக் காணும், கரைச்சால் கொஞ்ச நேரத்துக்குள்ள முடிக்கோணும், குளிரிலதான் கொண்டு வரோணும். அதால ஒரு வீட்டுக்கு எடுக்கிறது கஷ்டம். ஒழுங்கையில இருக்கிற வீடெல்லாம் சேந்து அலுவலகத்தில கேட்டால் ஒரே நாளில எல்லாக் கோழிக்கும் கண்ணில ஒவ்வொரு துளி விடலாம். சுகமா நிக்கேக்க போடுறதுதான் தடுப்பு, வருத்தம் வந்த பிறகு போடுறதில பிரயோசனம் இல்லை.

பூநகரி: வீட்டில எங்களுக்குத் தந்த அன்ரிபயோட்டிக் கப்சூல் மிச்சம் இருக்கு, உடைச்சுக் குடுக்கவோ?

வேண்டாம். வைரஸுக்கு அது வேலை செய்யாது, அளவும் தெரியாது, முட்டைக்குள்ளயும் வரும்.

முழங்காவில்: ஒரு மாசக் குஞ்சுகள், எச்சத்தில இரத்தம்.

இரத்தக் கழிச்சல், குஞ்சுகளில கெதியாக் கொல்லும். ஈர நிலத்திலதான் அந்தக் கிருமி வளரும், நனைஞ்ச உமியை எல்லாம் அள்ளி எறிஞ்சு காய்ஞ்சது போடுங்கோ, தண்ணிச் சட்டியைக் கால் வைக்க ஏலாத உயரத்தில வையுங்கோ. தண்ணியில கலக்கிற தூள் மருந்து கால்நடை மருந்துக் கடையில இருக்கு, "இரத்தக் கழிச்சலுக்கு" எண்டு கேட்டு லேபிளில உள்ள அளவுக்குக் குடுங்கோ. இண்டைக்கே செய்யுங்கோ.

அக்கராயன்: பேட்டுக்கு இடைக்கிடை மண்ணிறமாக் களி மாதிரி, சரியான நாத்தத்தோட போகுது.

அது வழமை, பயப்பிடாதேங்கோ. அடை கிடக்கிற பேடு பெரிசா எச்சம் போடுறதும் வழமைதான்.

துணுக்காய்: கால் செதில் எல்லாம் கிளம்பிச் சொரசொரப்பா இருக்கு. மண்ணெண்ணை பூசச் சொல்லினம்.

மண்ணெண்ணை தோலை எரிக்கும், பூசாதேங்கோ. செதிலுக்குக் கீழ கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி இருக்கு. இளஞ்சூட்டுத் தண்ணியில காலை ஊறவிட்டு, பழைய பிரஷால மெல்லமாத் தேய்ச்சு, தேங்காயெண்ணை இல்லாட்டி வாஸ்லின் தடிப்பாப் பூசுங்கோ, பூச்சி மூச்சடைச்சுச் சாகும். சில கிழமை விடாமச் செய்யோணும், கிளம்பின செதில் இறகு மாறேக்கதான் வடிவா வரும்.

புதுக்குடியிருப்பு: மருந்து குடுத்த கோழின்ர முட்டை பிள்ளையளுக்குக் குடுக்கலாமா?

மருந்தைத் தந்தவரிட்ட "எத்தினை நாள் முட்டை, இறைச்சி விலக்கோணும்" எண்டு கேளுங்கோ. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கணக்கு. செத்த கோழியையும் சாகப்போற கோழியையும் சமைக்கிறதே வேண்டாம்.

விசுவமடு (திரும்பவும்): அண்ணை, இப்ப தீன் தின்னுது, எழும்பி நடக்குது! மற்றதுகளோட விடவோ?

நல்ல செய்தி தங்கச்சி, மகளிட்டயும் சொல்லுங்கோ! ஆனால் உடனை விடாதேங்கோ. தானாத் தின்னத் துவங்கி ஒரு கிழமையாவது தனிய நிக்கட்டும், மெலிஞ்ச நெஞ்சில சதை வைக்கோணும். பிறகு ரெண்டு மூண்டு நாள் வலைக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் மற்றதுகள் எண்டு விடுங்கோ, இல்லாட்டிப் புதுக்கோழி எண்டு நினைச்சுத் தலையில கொத்தும். அதுக்குப் பிறகு ஒரு நாள் பொழுதுபட்டு எல்லாம் கூட்டுக்க ஏறின பிறகு கொண்டுபோய் நடுவில இருத்தி விடுங்கோ, விடியத் திறந்துவிடேக்க பக்கத்தில நிண்டு பாருங்கோ, தீன் சட்டியும் அண்டைக்கு ரெண்டா வையுங்கோ.