ஹைபிரிட் கார் வைத்திருப்பதால் உண்மையில் என்ன பயன்?

"ஹைபிரிட் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலைக்கு ஏற்ற பயன் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மார்த்தாண்டத்தில் வசிக்கிறேன். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த அத்தகைய கார் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டி வருகிறேன். எந்தச் சாலையில், மாதம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்ததுதான் அதன் பயன். எங்கள் பக்கத்துச் சாலைகளில் எனக்கு அது நன்றாகவே கிடைத்திருக்கிறது.

அம்மாவின் சிகிச்சைக்காக வாரம் இருமுறை திருவனந்தபுரத்துக்குப் போய்வருகிறேன். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் அந்தச் சாலையில் வண்டி ஓடும் நேரத்துக்குச் சமமாக ஊர்ந்தும் நின்றும் கழிகிற நேரமும் உண்டு. சாதாரண பெட்ரோல் எஞ்சின் வீணாக எரிபொருளைக் குடிப்பது இந்த இடத்தில்தான்; ஹைபிரிட் கார் அதே இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக் பிடிக்கும்போது சேமித்த மின்சாரத்தைக் கொண்டு மோட்டாரால் நகர்கிறது. நெரிசலில் எஞ்சின் நின்ற பிறகும் ஏசி மின்சாரத்தில் தொடர்ந்து இயங்குகிறது. சிகிச்சை முடிந்து களைப்போடு பின் இருக்கையில் சாய்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தக் குளிர்ச்சியும், எஞ்சின் அதிர்வில்லாத அமைதியும் எவ்வளவு ஆறுதல் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். மைலேஜ் கணக்கைவிட எனக்கு இதுவே பெரிது.

ஆயினும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் காரின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், எனக்குக் கிடைப்பது சுமார் 22. இதே பாதையில் என் பழைய பெட்ரோல் கார் 14 கொடுத்தது. வாரம் மூன்று நாள் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போவதையும் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறேன் என்பதால், ஏறத்தாழ 39 லிட்டர் மிச்சமாகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 46,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. சாதாரண பெட்ரோல் காரோடு விலை வித்தியாசம் மூன்று லட்சம் என்றால் அது ஆறரை ஆண்டில் ஈடாகும். மாதம் 600 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு அதே தொகை திரும்பிவரப் பதினாறு ஆண்டுகள் ஆகும். அவர் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக இதை வாங்க வேண்டாம்.

ஆரல்வாய்மொழி கடந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது எஞ்சினே பெரும்பாலும் இயங்குவதால் மிச்சம் வெகுவாகக் குறைகிறது. ஆடி மாதத்தில் திரும்பி வரும்போது முப்பந்தல் காற்று எதிரே வீசினால் இன்னும் குறையும். மலைச்சாலையில் இறங்கும்போதோ நேர்மாறாக, பேட்டரி தானாகவே நிரம்பிவிடுகிறது. அது சிறிய பேட்டரி என்பதால் விரைவில் நிரம்பும். அதற்குமேல் நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கையும், அதாவது எஞ்சினின் இழுவையாலேயே வேகத்தைக் குறைக்கும் முறையையும், பயன்படுத்த வேண்டும்.

முழு மின்சாரக் காரே வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பின் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாதவர் வீட்டில் இருக்கும்போது, சார்ஜரை நம்பாமல் எந்த பெட்ரோல் பங்கிலும் நிரப்பிக்கொள்ளக்கூடிய வண்டியே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. கேரளத்தில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிட அதிகம் என்பதால் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமே நிரப்பிக்கொள்கிறேன்.

வாங்குமுன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒரே மாடலில் மைல்டு ஹைபிரிட், ஸ்ட்ராங் ஹைபிரிட் என இரண்டு வகைகள் விற்கப்படுவதுண்டு. மைல்டு வகையில் மோட்டார் எஞ்சினுக்குச் சிறிது கைகொடுக்குமே தவிர, தனியாக வண்டியை நகர்த்தாது. நான் சொன்ன பயன்கள் ஸ்ட்ராங் வகைக்கே உரியவை. அடுத்தது, பேட்டரிக்காக டிக்கியில் இடம் குறைந்துவிடும். அம்மாவின் சக்கர நாற்காலியை மடக்கி வைத்தபின் என் டிக்கியில் ஒரு கைப்பைக்கு மட்டுமே இடம் மிஞ்சுகிறது. ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது, நீங்கள் வழக்கமாக ஏற்றும் பொருளையும் கூடவே எடுத்துச்சென்று வைத்துப் பார்த்துவிடுங்கள்.