வந்தாளா, வந்தானா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். முதல்முறையாக ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதைநாயகன் ஒரு திருநம்பி, பிறப்பில் பெண்ணென்று குறிக்கப்பட்ட ஆண், பன்னிரண்டாம் வகுப்பு வரை சுடிதார் சீருடையில் பள்ளிக்குப் போனவன். அவனுடைய சின்ன வயதை 'அவள்' என்று எழுத மனம் ஒப்பவில்லை. 'அவன்' என்று எழுதினால் படிப்பவர்கள் குழம்புவார்களோ என்று பயம். அறுவை சிகிச்சை முடிந்த இடத்திலிருந்து மாற்றிக்கொள்ளலாமா? இல்லை, முழுக்க 'அவர்' என்று போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? கதையைக் கூவாகத்தில் முடிக்க நினைத்திருக்கிறேன். இதையெல்லாம் நான் எழுதலாமா என்கிற தயக்கமும் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்கவே அந்த ஆள் யார் என்று முடிவு செய்தாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. அதனால் உங்கள் கேள்வியைச் சின்ன இலக்கணச் சந்தேகமாக என்னால் பார்க்க முடியவில்லை.

தொல்காப்பியருக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கென்று ஒரு விகுதி இல்லை, உயர்திணைக்குரிய விகுதிதான் அதற்கும் என்று சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் சொல்கிறார். உரையாசிரியர்கள் 'பேடி வந்தாள்' என்று காட்டுகிறார்கள். பேடி இன்றைக்கு வசைச்சொல், கதையில் அது வேண்டாம். ஆனால் அந்த மனிதர்களை அஃறிணைக்குத் தள்ளவில்லை பாருங்கள், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். முதல் வரியிலிருந்தே 'அவன்' என்று எழுதுங்கள். ஐந்து வயதில் கெடிலம் ஆற்றில் குதித்து விளையாடியதும் அவன்தான். அம்மா 'வாடி' என்று கூப்பிடுவாள், வகுப்பில் பதிவேட்டில் உள்ள பெயரைக் கூப்பிடுவார்கள். அதெல்லாம் அவரவர் வாயில் வரட்டும், கதைசொல்லியின் வாயில் வரக் கூடாது. ஊருக்குத் தெரியாதது கதைசொல்லிக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அந்தப் பையனுக்கு ஒரு துணை. படிப்பவருக்குக் குழப்பம் இரண்டு பத்தி நீடிக்கும், நீடிக்கட்டும். அவன் அதற்குள் பதினேழு வருடம் இருந்திருக்கிறான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாற்றுவது வேண்டவே வேண்டாம். தன் பாலினம் எது என்று ஒருவர் தானே சொல்லலாம், அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரலில், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் விட்டுக்கொடுத்த இடத்தில் நம் கதை போய் டாக்டரிடம் சான்றிதழ் கேட்கலாமா?

'அவர்' பற்றி. ஆணென்றும் பெண்ணென்றும் தன்னைச் சொல்லிக்கொள்ளாத ஒருவர் 'அவர்' என்று கேட்டால் அப்படித்தான் எழுத வேண்டும். உங்கள் நாயகன் கேட்பது 'அவன்'. கதையில் மற்ற பையன்களெல்லாம் அவன், இவன் என்று இருக்க, இவனுக்கு மட்டும் 'அவர்' போட்டால், பந்தியில் தனி இலை போட்டு உட்காரவைத்த மாதிரி இருக்கும்.

நம் கடலூர்ப் பக்கத்துப் பேச்சில் இன்னொன்று இருக்கிறது. 'அக்கா வந்துச்சு', 'பாப்பா தூங்குது'. நான் புதுச்சேரிக்கு வந்து முப்பது வருடமாகிறது, என் அம்மா இன்றைக்கும் என்னை 'அது சாப்புட்டுச்சா' என்றுதான் விசாரிக்கிறாள். உங்கள் கதையில் அம்மா அப்படிக் கேட்கட்டும். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பிள்ளை மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவன் 'அது என்னடா, ஆம்பளையா பொம்பளையா' என்பான். இரண்டு 'அது'வும் அவன் காதில் விழட்டும். விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

கூவாகத்தை விட்டுவிடுங்கள். சித்திரையில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துவிட்டு வெள்ளைப் புடவை உடுத்தும் விழா அது. கடலூர்ப் பக்கம் கொத்தட்டையிலும், பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும்கூட அரவானுக்குக் கூத்தாண்டவர் என்ற பெயரில் கோயில் இருக்கிறது. எல்லாமே மணப்பெண்ணாகும் சடங்கு. மணப்பெண்ணாக மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தி என்ன செய்வீர்கள்? இந்தப் பேச்சு வந்தாலே கூவாகம் நினைவுக்கு வருகிறது, அதனால் கதைக்குள்ளும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பதில் கடலூர் டவுன் பஸ்ஸில் அவனை ஏற்றுங்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, பிறகு திருநங்கைகளுக்கும் அது வந்தது. அவன் கிராப் வெட்டி, அண்ணன் சட்டையைப் போட்டு நிற்கிறான். கண்டக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே மகளிர் டிக்கெட்டை நீட்டுகிறார். கையில் பத்து ரூபாயோடு, 'காசு வாங்கிக்கங்கண்ணே' என்கிறான். சும்மா கிடைப்பதை ஏன் வேண்டாம் என்கிறான் என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. இன்னொரு நாள், இன்னொரு கண்டக்டர், ஒன்றுமே கேட்காமல் காசை வாங்கி மிச்சச் சில்லறையைக் கொடுக்கிறார். அந்தச் சில்லறையை அவன் செலவு செய்வானா?

எழுதலாமா என்று கேட்டீர்கள். திருநங்கையல்லாத சு. சமுத்திரம், திருநங்கையின் வாழ்க்கையை வைத்து 1994-ல் 'வாடாமல்லி' நாவலை எழுதினார். பிறகு திருநங்கைகளான ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதினார்கள். அவர்கள் எழுதிய பிறகு எழுத வரும் உங்களுக்கும் எனக்கும் பொறுப்பு கூடுதல். எனக்கு அது பிந்தித்தான் புரிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் இரண்டு பெண்களின் காதலைக் கதையாக்கினேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவர்கள் கைகோத்துக் கடலுக்குள் போவதோடு முடித்தேன். பத்திரிகையில் வந்தது, பாராட்டினார்கள். வெகுநாள் கழித்து ஒரு பெண் என்னிடம் வந்து, அந்தக் கதையைப் படித்தபோது தனக்கும் தோழிக்கும் பத்தொன்பது வயது என்றும், அதற்குப் பிறகு ஒரு வருடம் கடற்கரைப் பக்கமே போகவில்லை என்றும் சொன்னாள். இப்போது இருவரும் முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று தினமும் சண்டையாம். நான் எழுதாமல் விட்ட கதை அது. அந்தப் பழைய கதையை அதன்பின் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

எழுதி முடித்ததும் ஒரு திருநம்பியிடம் படிக்கக் கொடுங்கள். அவர் நேரத்துக்கு உரிய பணத்தையும் கொடுங்கள். அவர் தப்பு என்று சுட்டும் இடங்களைத் திருத்திவிட்டு எனக்கும் அனுப்புங்கள். பஸ் காட்சியைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா