ஸ்பெயின் கிராமப்புறத்தில் சைக்கிள் பயணம்: மலை ஏறிப் பழக்கமில்லாதவர்கள் எந்த வழியில் போகலாம்?

ரயில் ஓடாத பாதைகளில் போங்கள். ஸ்பெயினில் கைவிடப்பட்ட ரயில் தடங்களை 1993 முதல் 'வியாஸ் வெர்தெஸ்' (பசுமை வழிகள்) என்ற பெயரில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றி வருகிறார்கள். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். மோட்டார் வண்டித் தொல்லையும் கிடையாது.

என் முதல் தேர்வு தெற்கு ஸ்பெயினில் உள்ள அந்தலூசியாவின் ஒல்வேரா – புவேர்த்தோ செர்ரானோ வழி. சுமார் 36 கி.மீ., 30 சுரங்கங்கள். 1920களில் தொடங்கிய இந்த ரயில் திட்டம் முடியவே இல்லை. ஒரு பயணி ரயில்கூட ஓடியதில்லை. ஒல்வேராவில் தொடங்கினால் பெரும்பாலும் இறக்கம்தான். நடுவழியில் ஸாஃப்ராமகோன் பாறை வரும். அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள், பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடிக்கும். மிக நீளமான சுரங்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். உள்ளே விளக்கு இருந்தாலும் அதை நம்பாதீர்கள், சைக்கிளில் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள்.

பல நாள் பயணம் என்றால் ஹாயேனிலிருந்து புவேந்தே ஹெனில் வரை 128 கி.மீ. போகும் 'எண்ணெய் வழி' என்ற பாதை. ஆலிவ் எண்ணெயால் வந்த பெயர். இருபுறமும் ஆலிவ் மரம், ஆலிவ் மரம், மறுபடியும் ஆலிவ் மரம். சிலருக்குச் சலிக்கும், எனக்குப் பிடிக்கும்.

ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் 2 முதல் 5 வரை கிராமக் கடைகள் சாத்தியிருக்கும். தண்ணீரும் ரொட்டியும் காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.