தினமும் ராத்திரி நூடுல்ஸ் சாப்பிடலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாரிசுக்குப் படிக்க வந்து இரண்டு மாதமாகிறது, தினமும் ராத்திரி காய்கறி நூடுல்ஸ்தான், உடம்புக்கு இது போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

தம்பி, புதுச்சேரியிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தை நானும் இதே சாப்பாட்டில்தான் ஓட்டினேன். மார்ச் மாதம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்து குறைவு. அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன்.

நூடுல்ஸ் கெட்டதில்லை. காய்ந்த கோதுமை நூடுல்ஸ் 80 கிராமில் ஏறக்குறைய 280 கலோரி, 9 கிராம் புரதம். ஒரு கைப்பிடி கோஸும் கேரட்டும் 30 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. வயிறு நிறைந்துவிடும். ஆனால் புரதம் 10, 11 கிராமோடு நின்றுவிடும். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமாவது வேண்டும். ஊரில் சாம்பார், மீன் குழம்பு, தயிர் என்று நாம் கணக்குப் பார்க்காமலே அது சேர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு முட்டை உடைத்து ஊற்றுங்கள், 12 கிராம் கூடும். சைவம் என்றால் டோஃபு (சோயா பன்னீர்), இல்லையென்றால் டப்பாவில் வரும் கொண்டைக்கடலையைக் கழுவிப் போடுங்கள். அதில் இரும்புச்சத்தும் உண்டு. இறக்கியதும் அரை எலுமிச்சை பிழிந்தால் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். அம்மா கொடுத்தனுப்பிய பண்ருட்டி முந்திரி மிச்சமிருந்தால் அதையும் சேருங்கள். காயை இரண்டு மடங்காக்கிப் பெரிய தீயில் நாலைந்து நிமிடம் வதக்கினால் போதும். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சி பாதி அதோடு போய்விடும்.

எனக்குப் பெரிய கவலை உப்புதான். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. இரண்டு கரண்டி ஊற்றினால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் 5 கிராமை நெருங்கிவிடுவீர்கள். உடனடி நூடுல்ஸ் என்றால் மசாலாப் பொடியில் பாதி போதும். அந்த வகை பெரும்பாலும் எண்ணெயில் பொரித்தது வேறு. பாக்கெட்டின் பின்பக்கம் பிரெஞ்சில் 'செல்' (sel) என்று போட்டிருப்பதுதான் உப்பு. 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், லா ஷப்பல் பக்கம் தமிழ்க் கடைகளில் துவரம்பருப்பும் முருங்கைக்காயும் கிடைக்கும். வாரத்தில் மூன்று நாளாவது சோறும் பருப்பும் வையுங்கள். குக்கர் கொண்டுவரவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது.