கடவுள் நம்பிக்கை போன பிறகு ஒழுக்கமாகவும் மகிழ்ச்சியாகவும் வாழ முடியுமா? எப்படி?

முடியும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுக் கடவுள் இல்லை என்பதற்கான வாதங்களை அடுக்கினால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இந்தக் கேள்விக்குள் மூன்று விஷயம் இருக்கிறது: இனி நல்லது கெட்டதை எதை வைத்து முடிவு செய்வது, மனதில் ஏன் இந்த வெறுமை, நம்பிக்கையுள்ள வீட்டாரோடு எப்படி இருப்பது. முதல் கேள்வியைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். ஆளைப் படுத்துவது இரண்டாவது.

ஒரு செயலைக் கடவுள் சொன்னதால் அது நல்லதாகிறதா, அது நல்லது என்பதால்தான் கடவுள் சொன்னாரா? ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுப்பிய கேள்வி இது. முதலாவது சரியென்றால், நாளைக்கே கொலை செய்யச் சொல்லிக் கட்டளை வந்தால் கொலையும் நல்லதாகிவிடும். இரண்டாவது சரியென்றால் அளவுகோல் கட்டளைக்கு வெளியே இருக்கிறது. நம்புகிறவரும் நம்பாதவரும் அதைத் தேடித்தான் ஆகவேண்டும். (நன்மை என்பதே கடவுளின் இயல்பு என்று இறையியலாளர்கள் இதற்கு மறுமொழி சொல்வார்கள். அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.)

இரக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பெரிய மர்மம் தேவையில்லை. வார்னெகன், டோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள், கைதவறி விழுந்த பொருள் எட்டாமல் தவிக்கும் முன்பின் தெரியாதவருக்கு அதைத் தாமாகவே எடுத்துக் கொடுத்தன. கேட்கவும் இல்லை, பரிசும் இல்லை. ஆனால் இயல்பாக வருவதெல்லாம் சரியானது என்று நினைத்துவிடாதீர்கள். இருப்பதை மட்டும் காட்டி இருக்கவேண்டியதை நிரூபிக்க முடியாது என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். நம் இரக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நம்மைப் போல் இருப்பவர்களுக்கும் தாராளம்; தூரத்தில் இருப்பவர்களுக்குக் கஞ்சத்தனம். நாத்திகமும் அதைச் சரிசெய்யாது. அது ஒரே ஒரு கேள்விக்கான விடை, அதிலிருந்து ஒழுக்கநெறி எதுவும் தானாக முளைக்காது. கடவுளை விட்டதாலேயே தான் மற்றவர்களைவிட நேர்மையாளன் என்று நினைப்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

நடைமுறைக்கு நான்கு கேள்விகள் போதும். இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் யார் யார், எதிர்த்துப் பேச வாய்ப்பில்லாதவர்களையும் சேர்த்து? அவர்கள் இடத்தில் நான் இருந்தால் ஒப்புக்கொள்வேனா? எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும்? காரணத்தை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? பெரும்பாலான குழப்பங்கள் நான்காவது கேள்வியிலேயே தெளிந்துவிடும்.

பிழை நேர்வது வேறு இடத்தில். ஆசை வந்த பிறகு கேள்வி கேட்டால், மனம் நமக்கே வக்கீலாக வாதாடும். அதனால் முடிவை முன்கூட்டியே, நிபந்தனை வடிவில் எழுதி வையுங்கள்: "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்." உதாரணம்: "கணக்கில் எனக்குச் சாதகமான தவறு தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவேன்." "நேர்மையாக இருப்பேன்" என்ற பொதுவான உறுதியைவிட இந்த வடிவம் செயலில் நன்றாக நிற்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் முதலான உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எழுதியதை நம்பகமான ஒருவரிடம் சொல்லியும் வையுங்கள். மேலிருந்து ஒருவர் பார்க்கிறார் என்ற எண்ணம் செய்துவந்த வேலையை இனி அவர் செய்வார்.

இன்னொன்று, அவசரம். டார்லி, பாட்சன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து நடத்திய ஒரு சோதனை 1973-ல் வெளியானது. மாணவர்கள் ஓர் உரை நிகழ்த்தப் போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். சிலர் பேசப் போன தலைப்பே அடிபட்டவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை. அதுவும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. நல்லவராக இருக்க விரும்பினால் நாளில் கொஞ்சம் இடைவெளி விட்டு வேலைகளை வையுங்கள். எந்தத் தத்துவத்தைவிடவும் மலிவான வழி இது.

இப்போது வெறுமைக்கு வருவோம். மத நம்பிக்கையுள்ளவர்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் திருப்தியோடு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஏன் என்பதை லிம், பட்னம் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். காரணமாகத் தெரிந்தது இறையியல் நம்பிக்கையோ தனிப் பிரார்த்தனையோ இல்லை; வழிபாட்டுக்கூடத்தில் கிடைத்த நண்பர்கள், அத்துடன் "நாம் இன்னார்" என்ற பொது அடையாளம். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். அங்கே நண்பர் இல்லாமல் தவறாமல் போய்வந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் திருப்தி இல்லை.

அதனால் நீங்கள் இழந்தது கடவுளை மட்டும் என்று எண்ணிப் புத்தகங்களில் ஆறுதல் தேடினால் வெறுமை தீராது. வாராவாரம் ஒரே நேரத்தில் ஒரே ஆட்களைச் சந்திக்கும் ஏற்பாடும் கூடவே போயிருக்கிறது. அதைத் திரும்பக் கட்டவேண்டும். ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் குழுவாகப் பாருங்கள்: ரத்ததானம், பாடம் சொல்லித்தருதல், கூட்டுப்பாட்டு, மலையேற்றம். மதத்தைக் கேலி செய்வதற்கென்றே கூடும் குழுக்கள் முதல் சில மாதம் இனிக்கும். பொது எதிரியைத் தவிர ஒன்றும் இல்லாததால் பிறகு சலித்துப்போகும், இல்லையென்றால் கசந்துபோகும்.

எவ்வளவு காலம் ஆகும்? ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டில், அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் தேவை. வாரம் 2 மணி நேரம் என்றால் முதலாவதற்கு ஆறு மாதம், இரண்டாவதற்கு இரண்டு ஆண்டு. "இரண்டு மாதம் போனேன், யாரும் ஒட்டவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

கொடுப்பதையும் மதம் ஒரு வழக்கமாக்கி வைத்திருந்தது. அதற்கு மாற்றாக, வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று நிர்ணயித்துச் சம்பளம் வரும் நாளிலேயே தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். 1 சதவீதத்தில் தொடங்கினாலும் போதும். மாதக் கடைசியில் மிச்சத்தைக் கொடுக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது. தனக்குச் செலவழிக்கப் பணம் பெற்றவர்களைவிடப் பிறருக்குச் செலவழிக்கப் பெற்றவர்கள் அன்று மாலை அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள் என்பது டன், அக்னின், நார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட முடிவு. தொகை 5 டாலரா 20 டாலரா என்பது பொருட்டாக இல்லை.

நன்றி உணர்வுக்கும் கடவுள் தேவையில்லை, உண்மையில் உதவிய மனிதர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை நான்கைந்து விஷயங்களை எழுதுங்கள். தினமும் வேண்டாம்: உளவியலாளர் சோனியா லியுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆறு வாரச் சோதனையில் வாரம் ஒருமுறை செய்தவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை செய்தவர்களுக்குத் தெரியவில்லை. பழகிப்போனால் அதுவும் ஒரு வேலையாகிவிடுகிறது.

மரணம் பற்றிப் பழங்கால கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் சொன்னது எளிது: நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை. தன் சாவைப் பற்றிய அச்சத்துக்கு இது ஓரளவு உதவும். பிறர் சாவின் துக்கத்துக்கு அறவே உதவாது. அங்கே ஆட்களும் ஒரு சடங்கும் வேண்டும். மதம் கலக்காமல் யார் பேசுவது, எதை வாசிப்பது, உடலை என்ன செய்வது என்று முன்பே எழுதி வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். துக்க நாளில் இதையெல்லாம் யோசிக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

எதிலும் ஈடுபாடில்லாத சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தத்துவச் சிக்கல் என்று வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே.

கடைசியாக வீடு. வழிபாட்டின்போது பக்கத்தில் மரியாதையாக நிற்பது பொய்யாகாது. நம்புவதாகச் சொல்லச் சொன்னால்தான் பொய். சொல்வதென்றால் முதலில் ஒருவரிடம், தனியாக, பண்டிகையும் துக்கமும் இல்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். "நான் நம்பவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். ஏன் என்று அவர்கள் கேட்டால் மட்டும் விளக்கம். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வீட்டை நம்பியிருந்தாலோ, மதத்தை விடுவது சட்டப்படி குற்றமாக உள்ள நாட்டில் இருந்தாலோ, தங்க இடமும் சொந்த வருமானமும் பாதுகாப்பும் உறுதியாகும்வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பதில் தவறே இல்லை.