வாசகர் கேள்வி: மணல், சரிவு, தார் ரோடு... குவாட் பைக்கை எப்படி ஓட்டுவது?

கேள்வி: அடுத்த மாதம் துபாயில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். பாலைவனத்தில் குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) ஓட்டலாம் என்கிறான். 20 வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், அது போதாதா? 11 வயது மகனைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாமா?
- வாசகி, தென்காசி

மகனைப் பின்னால் ஏற்றாதீர்கள் சகோதரி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த சீட் நீளமாக இருப்பது இரண்டு பேர் உட்கார அல்ல, ஓட்டுகிறவர் ஏற்றத்தில் முன்னாலும் இறக்கத்தில் பின்னாலும் நகர்ந்துகொள்ள. பின்னால் ஆள் இருந்தால் அந்த இடம் போய்விடும், செங்குத்தான மேட்டில் முன்சக்கரம் தூக்கி வண்டி மல்லாந்துவிடும். (இருவருக்கென்றே செய்த மாடல்கள் தனி.) பெரியவர்கள் வண்டியை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டவும் கூடாது.

ஸ்கூட்டர் பழக்கத்தில் ஒன்றை மறந்தே ஆகவேண்டும். வண்டி ஆடினால் நம் கால் தானாகத் தரைக்குப் போகும் இல்லையா? இதில் காலை ஊன்றினால் பின்சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். என்ன ஆனாலும் இரண்டு காலும் மிதிபலகையில்தான். அப்புறம், ஆக்சிலேட்டர் கட்டைவிரலால் அழுத்துவது. ஒரு குலுக்கலில் பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் விரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி சீறும். கிளம்புமுன் சமதளத்தில் பத்து நிமிடம் விரலை எடுத்து எடுத்துப் பழகுங்கள்.

மணல்மேட்டில் காற்று வரும் பக்கம் சாய்வாக, ஓரளவு இறுகி இருக்கும். மறுபக்கம் பொலபொலவென்று முப்பது டிகிரிக்கு மேல் சரியும். ஏறும்போது அது தெரியவே தெரியாது. ஷார்ஜாவின் அல் பதாயர் பக்கம் பிக் ரெட் என்று சொல்கிற சிவந்த மணல்மேட்டில் நான் முதல்முறை ஏறியபோது, உச்சிக்கு மேல் வெறும் வானம்தான் தெரிந்தது, வேகத்தைக் குறைக்கவில்லை, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்ற பிறகுதான் கீழே இன்னொரு வண்டி நிற்பதையே பார்த்தேன். அதனால் உச்சிக்குச் சற்று முன்னாலேயே வேகம் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மணலில் புதைந்தாலும் பரவாயில்லை, தள்ளிக்கொள்ளலாம். இறங்கும்போது நேராக, உடம்பைப் பின்னால் தள்ளி, முன்பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல். பாதிச் சரிவில் குறுக்கே திருப்பினால் கீழ்ப்பக்கச் சக்கரம் புதைந்து உருண்டுவிடும். நட்டநடு வெயிலில் போகாதீர்கள், நிழல் விழாததால் பள்ளம் மேடு எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் பால் பண்ணையில் வேலை. மருந்துத் தொட்டியோடு குவாட் பைக்கைப் புல் சரிவில் குறுக்காக ஓட்ட வேண்டியிருக்கிறது. வண்டியின் பின்னால் வளைந்த கம்பி ஒன்று இருக்கிறது, அது காப்பாற்றுமா?
- வாசகர், விக்டோரியா

2021 அக்டோபர் முதல் அங்கே விற்கிற புதிய பண்ணை குவாட்களில் அந்தக் கம்பி மாதிரியான பாதுகாப்பு அமைப்பு இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். ஆனால் தம்பி, அது கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்தபின் முழு எடையும் உங்கள்மேல் அமுங்காமல் கொஞ்சம் இடைவெளி கொடுக்கும், அவ்வளவுதான். ஹெல்மெட் அதற்குப் பதில் ஆகாது, அது ஹெல்மெட்டுக்கும் பதில் ஆகாது.

எனக்குக் கவலை அந்தத் தொட்டிதான். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் பள்ளத்துப் பக்கமாக மோதும், நீங்கள் மேட்டுப் பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும் அந்த எடை உங்களை மீறிவிடும். தொட்டியோடு குறுக்கே போகாதீர்கள், சுற்றுவழியாகப் போனால் கால் மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும். சும்மா வண்டியோடு போக நேர்ந்தால் மேட்டுப் பக்கம் நன்றாகச் சாய்ந்து, மெதுவாக. மேல்சக்கரம் தூக்குகிற மாதிரி இருந்தால் ஹேண்டிலைப் பள்ளத்துப் பக்கம் திருப்புங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மேட்டுப் பக்கமாக இறங்கிவிடுங்கள், வண்டி போனால் போகட்டும்.

கேள்வி: மண்ணில் நன்றாக ஓடுகிற குவாட், தார் ரோட்டில் திருப்பத்தில் முரண்டு பிடிக்கிறதே?
- வாசகர், கோவை

பல குவாட்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்தே சுற்றுகின்றன. மண்ணில் ஒரு சக்கரம் வழுக்கிக்கொடுக்கும், தாரில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், அதனால் வண்டி நேராகவே போகப் பார்க்கும், வேகத்தில் ஒடித்தால் புரட்டிவிடும். டயரிலும் காற்றழுத்தம் 5 பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கும், தார் ரோட்டுக்கு அது போதாது. ரோட்டைக் கடக்க வேண்டுமானால் மட்டும், நேராக, மெதுவாகக் கடந்துவிடுங்கள்.