ஆயிரம் அடியை எங்கிருந்து அளப்பது? அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகளுக்கான குடியிருப்புத் தூர விதி பற்றி வாசகர் கேள்விகள்

கே: பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் உள்ள ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

ப: எந்த மாநிலம் என்று எழுதவில்லையே! ‘பள்ளியிலிருந்து இத்தனை அடிக்குள் இவர் குடியிருக்கக் கூடாது’ என்று அமெரிக்கா முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. 2006-ல் வந்த கூட்டரசின் ஆடம் வால்ஷ் சட்டம் குற்றவாளிகளைப் பதிவேட்டில் பதிவு செய்வதைப் பற்றியது. தூரத்தை மாநிலம் வைக்கிறது, சில ஊர்களில் நகர மன்றமும் வைக்கிறது. இல்லினாயில் 500 அடி, ஃபுளோரிடாவில் 1,000, அலபாமாவில் 2,000. அதிலும் விலக்குகள் உண்டு. இல்லினாயில் 2000 ஜூலை 7-க்கு முன் வாங்கிய சொந்த வீடு என்றால் அவர் அங்கேயே இருக்கலாம். மாநிலம், குற்றம் நடந்த தேதி, பரோலில் இருக்கிறாரா இல்லையா, இந்த மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள்.

கே: அலபாமாவில் தண்டனை முடிந்து வரும் உறவினருக்கு வீடு பார்க்கிறோம். போன் மேப்பில் பள்ளி 0.4 மைல் காட்டுகிறது. 2,000 அடிக்கு மேல்தானே, அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

ப: கொடுக்காதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் போன் மேப்பை நம்பி இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மேப் காட்டுவது கார் போகும் வழி. சட்டம் கேட்பது நேர்கோடு. அலபாமா சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது: ஒரு சொத்தின் மிக அருகிலுள்ள எல்லையிலிருந்து மற்றதன் மிக அருகிலுள்ள எல்லை வரை. மேப்பில் பள்ளிக்கான புள்ளி பெரும்பாலும் அலுவலக வாசலில் விழும். ஆனால் பள்ளியின் எல்லை விளையாட்டு மைதானத்தின் பின்வேலி வரை போகும். அந்த வேலி வாசலிலிருந்து 600, 700 அடி தள்ளி உங்கள் பக்கமாகவே இருக்கலாம். உங்கள் 0.4 மைல் 2,100 அடிதான். கையில் இருப்பது வெறும் நூறடி. சாலை ஒரு வளைவு வளைந்தாலே அது போச்சு.

கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சொத்துவரி அலுவலகத்தின் இணையதளத்தில் மனை எல்லை வரைபடம் இருக்கும், அளக்கும் கருவியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். வேலியின் கிட்டத்து மூலையிலிருந்து மனையின் கிட்டத்து மூலைக்குக் கோடு போடுங்கள். அடுக்குமாடி என்றால் உங்கள் கதவிலிருந்து அல்ல, வளாகத்தின் எல்லையிலிருந்து அளங்கள். பள்ளியோடு நிறுத்தாதீர்கள். பகல்நேரக் குழந்தைகள் காப்பகமும், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் வீடும் அதே 2,000 அடிக் கணக்கில் வரும். காப்பகம் சாதாரண வீட்டில் போர்டுகூட இல்லாமல் நடக்கலாம், தெருவில் நடந்து பார்த்தால் தெரியாது. கடைசியாக, முகவரியை ஷெரிஃப் (கவுன்ட்டி காவல்துறைத் தலைவர்) அலுவலகத்தில் காட்டி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது. தெரிந்தே மீறினால் அது அபராதத்தோடு போகிற விஷயமல்ல, ஃபெலனி, அதாவது கடுங்குற்றம்.

கே: கலிஃபோர்னியாவில் 2,000 அடி எல்லோருக்கும்தானே?

ப: பழைய செய்தி. 2006-ல் வாக்காளர்கள் கொண்டுவந்த ஜெசிகா சட்டம் அது. சான் டியேகோ கவுன்ட்டியில் பரோலில் இருப்போர் எல்லோர் மீதும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்துவிட்டது. இப்போது பரோலில் இருப்பவரை ஆள் ஆளாகப் பார்த்துத்தான் நிபந்தனை.

கே: தண்டனை பெற்ற தந்தை பிள்ளையின் ஆசிரியர் சந்திப்புக்குப் போகலாமா? (கலிஃபோர்னியா)

ப: மாநிலம் எழுதியதற்கு நன்றி. போகலாம், ஆனால் பள்ளித் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும், அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் ‘வாங்க’ என்று போனில் சொன்னது அனுமதி ஆகாது. அவர் பரோலில் இருந்தால் பரோல் அதிகாரியிடமும் கேளுங்கள்.

கே: பதிவேட்டிலுள்ள படத்தை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்க நினைக்கிறோம்.

ப: வேண்டாம். பதிவேட்டை வைத்து மிரட்டினாலும் தொல்லை கொடுத்தாலும் வழக்கு உங்கள் மேல் பாயும்.

கே: தூரக் கட்டுப்பாடு பிள்ளைகளை உண்மையில் காக்கிறதா?

ப: அது அவர் எங்கே தூங்குகிறார் என்பதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. மினசோட்டா சிறைத்துறை மீண்டும் குற்றம் செய்த 224 பேரின் வழக்குகளை ஆராய்ந்து 2007-ல் அறிக்கை வெளியிட்டது. குடியிருப்புத் தடை இருந்திருந்தால் நின்றிருக்கும் என்று சொல்லும்படி அதில் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வது தெரிந்தவர்கள்தான். அயோவாவில் 2,000 அடி விதி அமலானதும் இருப்பிடம் தெரியாமல் போனவர்கள் பெருகினார்கள். 2009-ல் அந்த மாநிலம் பெரும்பாலோருக்கு அதைத் தளர்த்தி, பள்ளி வளாகத்துக்குள் நுழைவதையும் அருகே சுற்றித் திரிவதையும் தடுப்பதில் கவனம் வைத்தது. சரியான இடத்தில் கைவைத்தார்கள் என்பேன்.

கே: பதிவேட்டில் உள்ளவர் வீடு மாறினால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும்?

ப: கூட்டரசு விதிப்படி மூன்று வேலை நாள், நேரில். ஃபுளோரிடாவில் 48 மணி நேரம், கலிஃபோர்னியாவில் ஐந்து வேலை நாள். உங்கள் மாநிலம் என்னவோ!

கே: வெளிநாடு போக?

ப: 21 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் சிறாராக இருந்தால் பாஸ்போர்ட்டில் குறிப்பும் அச்சாகும்.